ஒன்று ஐந்தான வருடம்

ஜனவரி 9

சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆஸ்பத்திரித் துணி அறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து நாலு மாடி ஏறினால் அது வேறென்ன செய்யும்? உன் காது வலி எப்படி இருக்கிறது? காலையிலிருந்து மாலை வரை போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறாய், அதுவும் பாவம்தானே.

கூப்பிட்டுப் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் உன் அத்தான் போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அப்புறம் ஷேர் பேச்சுதான். எனக்கும் உன்னிடம் பேச ஆசை இருக்காதா?

ஆனால் இந்தக் கடிதத்திலும் ஷேர்தான் வருகிறது, என்ன செய்ய. அத்தான் பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் பெரும்பகுதியை உன் பம்பு கம்பெனியில் பங்காகப் போட்டார். கொஞ்சம் என் பெயரிலும் போட்டார். கம்பெனியை நம்பிப் போடவில்லை, உன்னை நம்பிப் போட்டார். "என் மச்சான் உள்ள உக்காந்திருக்கான்ல" என்பதுதான் அவருடைய முழுக் கணக்கு. தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்குவதற்காக அந்தப் பணம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் கம்பெனி பங்கைப் பிரிக்கப் போகிறதாம், ஒன்று ஐந்தாகுமாம். அத்தான் இரண்டு நாளாக விசிலடித்துக்கொண்டே ஷேவ் செய்கிறார். நாங்கள் ஐந்து மடங்கு பணக்காரர்கள் ஆகிவிட்டோமா? ஆகியிருந்தால் முதலில் லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். வலது காது வலித்தால் போனை இடது காதுக்கு மாற்றிக்கொள்கிறேன். இரண்டும் வலித்தால் டீ குடிக்கப் போய்விடுகிறேன். உன் காலுக்கு டாக்டர் சொன்ன பட்டையைப் போடுகிறாயா, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாயா?

நீ கேட்டதைத்தான் இந்த இரண்டு வாரமாக எல்லோரும் கேட்கிறார்கள். பங்குதாரர் பிரிவில் எங்கள் வேலையே பதில் சொல்வதுதான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதைக்கூடக் கூப்பிடுகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். உனக்கும் அவர்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன். உன் துணி அறையில் பெரிய படுக்கை விரிப்பு ஒன்றை ஐந்து துண்டாக வெட்டுகிறாய். இப்போது உன்னிடம் ஐந்து துணி இருக்கிறது. ஆனால் முன்பு எத்தனை பேர் படுக்கலாமோ அத்தனை பேர்தான் இப்போதும் படுக்கலாம். பங்கு ஐந்தாகும், ஒவ்வொன்றின் விலையும் ஐந்தில் ஒன்றாகும். கையில் இருப்பது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு ஓய்வு பெற்ற டீச்சரம்மா தினமும் மதியம் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கச் சொல்கிறார். நேற்று கடைசியில், "தம்பி, நீங்க நல்லாத்தான் சொல்றீங்க. எனக்குப் புரியுது. ஆனா நம்பிக்கை வரல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. அவர் தன் சேமிப்பை எல்லாம் இதில்தான் வைத்திருக்கிறார்.

அத்தானிடம் இதைப் படித்துக் காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 15

சின்னவனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை. அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை, தரையில் கால் படாமல் நடக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாய். நான் காட்டுவதற்கு முன்பே அவர் எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போய்விட்டார். கீழே முக்கில் இருக்கிற சலூன்தான் இப்போது அவருக்கு டிப்போ மாதிரி. அங்கே 'பங்கு ஐந்தாகும்' என்பது வரை சத்தமாகப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். சலூன்காரர்தான் என்னிடம் சொன்னார், பெருமையாகச் சொன்னார். அவரும் வாங்கியிருக்கிறார். அவர் கத்தரிக்குத் தலை கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லி, மருந்துக்கடைக்காரரும் வாங்கியிருக்கிறார்.

நான் உன் விரிப்புக் கதையைச் சொன்னேன். அத்தான் கேட்டுவிட்டு, "சரி, பெரிய விரிப்பை வாங்க முடியாதவன் சின்னத் துண்டை வாங்குவான்ல? வாங்குறவன் கூடினா விலை ஏறும்ல?" என்றார். அவர் சொன்ன மாதிரியேதான் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறுகிற வரை அவரை யாராவது தப்பென்று சொல்ல முடியுமா?

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு வீடு பார்த்தேன். தரைத்தளம், இரண்டே அறை. வாசலில் ஒரு படிகூடக் கிடையாது, தெருவிலிருந்து அப்படியே உள்ளே போய்விடலாம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். ஆனால் சுவர் வெள்ளையாக இருக்கிறது, வெளிச்சம் வருகிறது. நான் அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அத்தான் பார்த்துவிட்டு, பிரித்த பிறகு இதைவிடப் பெரிதாகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது. கழுத்தில் துணி சுற்றிக்கொள், அங்கே குளிர் அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தான்.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். குளிர் போய்விட்டது, நான் நன்றாக இருக்கிறேன். உன் சளி திரும்பி வரவில்லையே?

பிரித்த நாளன்று எங்கள் அறையைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் விலை ஐந்தில் ஒன்றாகத் தெரிந்ததும், இரண்டு மாதமாக நாங்கள் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. ஒரு பெரியவர் போனில் அழுதுவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வாங்கியதாம். எண்ணிக்கையைப் பாருங்கள் ஐயா, ஐந்து மடங்காகியிருக்கும் என்றேன். பார்த்துவிட்டு அவரே சமாதானமாகி, சாப்பிட்டீர்களா என்று என்னை விசாரித்தார்.

அத்தான் சொன்னது முழுக்கத் தப்பில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பம்பு போன வருடம் இறைத்த தண்ணீரைத்தான் இப்போதும் இறைக்கிறது. மாறியிருப்பது ஜனங்களின் மனசு. கைக்கு எட்டாத பங்கு எட்டுகிற விலைக்கு வந்துவிட்டது என்று வாங்குகிறார்கள். எதிர்காலம் நன்றாக இல்லாவிட்டால் கம்பெனி பிரித்திருக்குமா என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். ஏறுவதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருகிறார்கள். அந்த நினைப்புக்கும் சேர்த்துத்தான் இன்றைய விலை. நினைப்பு மாறினால் விலையும் மாறும். போனில் இவ்வளவு சொல்ல எனக்கு அனுமதி கிடையாது, அக்காவாயிற்றே என்று எழுதுகிறேன்.

அந்தப் பின்தெரு வீட்டை விட்டுவிடாதே. அத்தானுக்குப் பெரிய வீடு வேண்டுமானால் கனவில் கட்டிக்கொள்ளட்டும். உன் கால் கனவில் நடக்காது. இப்போது பங்கை விற்றால் அந்த வீட்டுக்குப் பணம் போதும் என்று நினைக்கிறேன். வாங்கிவிடு.

இன்னொரு செய்தி. திங்கட்கிழமை முதல் என்னை மாடிக்கு மாற்றுகிறார்கள், கணக்குப் பிரிவுக்கு. காலாண்டு ரிசல்ட் தயார் செய்கிற இடம். அங்கே ஜன்னல் இருக்கிறது. என் காதுகள் உனக்கு வணக்கம் சொல்கின்றன.

தம்பி


ஏப்ரல் 19

சின்னவனுக்கு,

மாடிக்குப் போனதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். நல்ல நாற்காலி கொடுத்தார்களா? முதுகை நிமிர்த்தி உட்கார். நாங்கள் நலம். அத்தானுக்குக் கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம், ஆனால் விலை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

நீ எழுதியதைச் சொன்னேன், வீட்டை வாங்கிவிடச் சொல்கிறான் என்று. ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் விலை மறுபடியும் ஏறிவிட்டது. யோசனையும் முடிந்துவிட்டது. ரிசல்ட் வந்த பிறகு விற்கலாம் என்கிறார். "மாடியில இருக்கறவனுக்குத் தெரியாததா? அவன்கிட்டயே கேளு" என்கிறார். பின்தெரு வீட்டின் சொந்தக்காரரிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன். அவர் நல்ல மனுஷர், ஆனால் வேறு இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். ரிசல்ட் எப்படி இருக்கும்? காத்திருக்கலாமா?

சாப்பாட்டில் கவனம் வை. புது இடத்தில் யாரோடும் சண்டைக்குப் போகாதே.

அக்கா


மே 30

சின்னவனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். தம்பி நன்றாக இருக்கிறார், தாமதமாக வருகிறார், பேசுவதில்லை என்றார். நன்றாக இருக்கிறாய் என்றால் சரி.

நீ எழுதாததற்கு இந்த வீட்டில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. கம்பெனிக்கு வேலை குவிந்து கிடக்கிறது, மூச்சுவிட நேரமில்லை, ரிசல்ட் பிரமாதம் என்பது அத்தானின் அர்த்தம். அதைச் சலூனிலும் சொல்லியிருக்கிறார். சலூன்காரர் மறுபடி வாங்கியிருக்கிறார்.

என் அர்த்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது உனக்குப் பொய் சொல்ல வராது. மாட்டிக்கொண்டால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய். அப்பா உலுக்கு உலுக்கென்று உலுக்கினாலும் ஒரு சொல் வராது.

ஒரே ஒரு வார்த்தை எழுது. விற்கலாம் என்றோ இருக்கட்டும் என்றோ. வேறு எதுவும் எழுத வேண்டாம், நலம் விசாரிக்கக்கூட வேண்டாம். "மச்சான் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே வித்துடறேன்" என்று அத்தானே சொல்லிவிட்டார்.

என் கால் எப்படி என்று கேட்பாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். இரண்டாம் மாடியில் ஒருமுறை உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

கவலைப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றுமில்லை. காது வலி போய்விட்டது, இங்கே போனே கிடையாது. ஜன்னல் வழியாக ஒரு பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது. விடுமுறையாதலால் யாரும் இல்லை. ஒரு ஆள் மட்டும் தினமும் புல் வெட்டுகிறான்.

கம்பெனி பற்றி என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம். மாடிக்கு வந்த அன்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்லதானாலும் எழுத முடியாது, கெட்டதானாலும் எழுத முடியாது. அத்தானிடமும் இதை இப்படியே சொல்.

இங்கே வெயில் அதிகம். மின்விசிறியை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அத்தானின் கண்ணைக் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

தம்பி


ஜூன் 20

சின்னவனுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். புல் வெட்டுகிறவன் இருக்கிறான், மின்விசிறி இருக்கிறது, அத்தானின் கண் இருக்கிறது. பின்தெரு வீடு இல்லை. மார்ச்சில் வாங்கிவிடு வாங்கிவிடு என்று எழுதியவன், இந்த முறை அந்த வீடு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை.

அத்தானிடம் இதைச் சொன்னேன். "கடுதாசில இல்லாததைப் படிக்கிறியே, உனக்குத்தான் முதல்ல கண்ணைக் காட்டணும்" என்றார். நானும் விடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் கத்திப் பேசியது குறைவு. அன்று கத்தினோம். மூன்றாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். கடைசியில் அவர், "அவன் வாயால வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அவருடையதை அவர்தான் விற்க வேண்டும். என் பெயரில் இருப்பதை நான் விற்கலாம். வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்க அது போதும், மீதியைத் தவணையாக வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்.

நான் கேட்பது இது ஒன்றுதான். நான் விற்றால் உனக்கு ஏதாவது கெடுதல் வருமா? கம்பெனி ரகசியம் எனக்கு வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

எல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. இனி நானும் எழுதலாம். எங்கள் பம்பில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். ஏப்ரல் கடைசியிலேயே தெரியும். எங்கள் மேலாளரம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு, "இன்னைக்கு நீங்க படிச்சதை வீட்டுல சொல்லக் கூடாது. வீடுன்னா அம்மா, அக்கா, எல்லாருந்தான்" என்றார். உன் ஏப்ரல் கடிதம் அப்போது என் மேசைமேல்தான் இருந்தது.

ரிசல்ட் வெளிவந்த காலையில் மனசு மாறிவிட்டது, ஜனங்களின் மனசு. பிரித்ததால் ஏறியது போக, அதற்கு முன்னால் இருந்ததில் பெரும்பகுதியும் ஒரே வாரத்தில் போய்விட்டது. ஏறும்போது ஒருவரையொருவர் பார்த்து வாங்கினார்கள். இறங்கும்போதும் அப்படியேதான் விற்றார்கள். கம்பெனி செத்துப்போகவில்லை. பம்பு ஓடுகிறது. ஆனால் அந்த விலை இனி எப்போது வருமோ, எனக்குத் தெரியாது. இப்போது உண்மையாகவே தெரியாது.

உன் ஜூன் கடிதத்துக்கு எழுதினேன், எழுதிக் கிழித்தேன். விற்றால் கெடுதல் வராது என்று எழுதினால் விற்றுவிடு என்று அர்த்தம். வரும் என்று எழுதினாலும் உள்ளே ஏதோ கெட்ட செய்தி என்று உனக்குப் புரிந்துவிடும், அதே அர்த்தம். வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான், அதனால்தான் கேட்கவில்லை. கேட்காததையும் நீ படித்துவிட்டாய். கீழே அந்த டீச்சரம்மா இன்னும் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உனக்கு ஒன்று சொல்லி, அவருக்கு வேறொன்று சொல்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். இதை எழுதும்போது பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறது. பயமும் இருந்தது அக்கா. உள்ளே இருப்பவன் சொல்லி உறவுக்காரர் விற்றால் அது குற்றம், வேலை போகும், ஜெயிலுக்குப் போக நேரிடும் என்ற பயம். இரண்டில் எது முந்தியது என்று எனக்கே தெரியவில்லை.

விற்றாயா? கேட்கத் தைரியம் இல்லாமல் கேட்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 17

சின்னவனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு உடம்பு காரணமில்லை.

நான் விற்கவில்லை.

விற்கத்தான் போனேன். ஜூலை மாதத்தில் உன் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், ஒருநாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு புரோக்கர் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதத்தை நீட்டினாள். எனக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் வாங்குவதற்காக. என்னைப் பார்த்ததும், "நீங்களும் வாங்கவா வந்தீங்க? உங்களுக்கென்ன, உள்ளேயே ஆள் இருக்கு" என்று சிரித்தார். நான் விற்பதைத்தான் இவர் வாங்குவாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. என்னுடையதே அவருக்குப் போகாது, எனக்குத் தெரியும். ஆனால் யாரோ ஒருவருக்குப் போகும். அப்புறம் இன்னொரு நினைப்பு. நாளைக்கு யாராவது வந்து, ஏனம்மா அன்றைக்கு விற்றாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? என் தம்பி வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் விற்றேன் என்றா? அந்தப் பெண்ணிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. நீ செய்தது சரி என்றும் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்போது ரொம்ப அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பின்தெரு வீட்டில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். சமையலறை ஜன்னலில் திரை போட்டிருக்கிறார்கள்.

அத்தான் வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டார். சலூன் வழியாகப் போக வேண்டுமே என்று. முடி காதுக்குக் கீழே வந்துவிட்டது, தாடியும் அப்படியே. நான் சொல்லிப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் சலூன்காரர், கையில் பை, நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சிரைக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பால்கனியில் போட்டார். "வந்து உக்காருங்க" என்றார். அத்தான் எழுந்து போய் உட்கார்ந்தார். நான் துணி அறையிலிருந்து கழித்துப்போட்ட பழைய விரிப்பு ஒன்றைக் கொடுத்தேன்.

பாதி வெட்டும்போது அத்தான், "என்னாலதான் நீங்க..." என்று ஆரம்பித்தார். சலூன்காரர் அவர் தலையைப் பிடித்து நேராக வைத்தார். "ஆட்டாதீங்க. காது வெட்டுப்படும்" என்றார். அப்புறம் கொஞ்சம் கழித்து, "ஏறுறப்ப உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இறங்குறப்ப முறைக்கணுமா? நான் வாங்கினது என் ஆசைக்கு" என்றார். அவர் பங்கில் போட்டது, சலூனுக்கு இன்னொரு நாற்காலி வாங்க வைத்திருந்த பணம் என்று எனக்குத் தெரியும். கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அத்தான் உன் பெயரை இன்னும் எடுப்பதில்லை. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

நான் நலம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார், நம்பாதே. உன் கால் எப்படி? அத்தான் வெளியே போகிறாரா?

போன மாதம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அதிகாரிகள் இங்கே விசாரணைக்கு வந்தார்கள். ரிசல்டுக்கு முன்னால் யார் யார் விற்றார்கள் என்று தோண்டினார்கள். மாடியில் எனக்கு எதிர் மேசைக்காரரின் மைத்துனர் ஜூனில் முழுவதையும் விற்றிருக்கிறார். எதிர் மேசை இப்போது காலி. எங்களுக்குக் கதவைச் சாத்திப் பாடம் சொன்ன மேலாளரம்மாவின் அண்ணனும் விற்றிருக்கிறார். மேலாளரம்மாவும் இப்போது வேலையில் இல்லை.

என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர், களைத்துப்போன முகம். உன் பெயரையும் அத்தான் பெயரையும் வைத்துக்கொண்டு கேட்டார், "இவங்க ரெண்டு பேரும் உங்களுக்கு யாரு?" சொன்னேன். "விக்கவே இல்லையே. உங்ககிட்ட கேக்கவே இல்லையா?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதில் எழுதல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பாராட்டுவார் என்று நான் நினைக்கவில்லை, அவர் பாராட்டவும் இல்லை. "அக்காகூடப் பேசிட்டு இருக்கீங்களா இப்ப?" என்று மட்டும் கேட்டார். கடிதம் வருகிறது என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். விசாரணையில் என்னைக் காப்பாற்றியது உங்கள் நஷ்டம். இதை எப்படிச் சுமப்பது என்று தெரியவில்லை.

மறுபடி கீழேயே, போன் அறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் டீச்சரம்மா கூப்பிட்டார். என் குரலை அடையாளம் கண்டு, "எங்கே போயிட்டீங்க தம்பி, வேற யாரோ பேசினாங்க" என்றார். அவரும் விற்கவில்லையாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, முதலிலிருந்து விளக்கச் சொன்னார்.

டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைக்கும். வரலாமா? அத்தானுக்குச் சங்கடமென்றால் வெளியே ரூம் எடுத்துக்கொள்கிறேன். மறைக்காமல் எழுது.

தம்பி


டிசம்பர் 2

மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, டிப்போவில் பஸ் வந்த நேரம் போன நேரம் எழுதித்தான் பழக்கம். எல்லோரும் நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

உன் கடிதங்களை உன் அக்கா என்னிடம் கொடுத்தாள். எல்லாவற்றையும் படித்தேன், இந்த முறை பாதியில் மடித்துவைக்கவில்லை. கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, தெளிவாகத் தெரிகிறது.

ரூம் எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன் அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இனி அப்படி எழுதாதே.

நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் மறுபடி டைம்கீப்பராகச் சேர்ந்திருக்கிறேன். பகல் வேலைதான். இந்த வயசில் ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பது பழைய மாதிரி இல்லை, இடுப்பு வலிக்கிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்ததைவிடத் தேவலை. என் சம்பளமும் உன் அக்கா சம்பளமும் சேர்த்தால் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வரும். தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை சாமான் பையை அவள் கையில் கொடுப்பதில்லை.

பங்கை நான் விற்கவில்லை. விற்கவா வைத்துக்கொள்ளவா என்று உன்னிடம் கேட்கப் போவதும் இல்லை. ஜூன் மாதத்தில் உன் வாயால் வரட்டும் என்று சொன்னவன் நான். உன் வாயால் வந்திருந்தால் இன்று நீ எங்கே இருந்திருப்பாய் என்று நவம்பர் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. அதுவரை எனக்கு வீடு போனதுதான் தெரிந்தது.

பஸ் விடியற்காலையில் வந்து சேரும். அந்த வண்டி எப்போதும் தாமதம், எனக்குத் தெரியும். நான் ஸ்டாண்டில் இருப்பேன். பார்த்தவுடன் உனக்குப் பேச்சு வராது, எனக்கும் வராது. பரவாயில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் கூட நடந்து வா.

அத்தான்